ரோதமுனியை வலம் வரும் வண்டிகள்

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. காலை ஐந்தரைக்குக் கொழும்பு பஸ்தியன் மாவத்தையில் ஹட்டன் பஸ் ஏறினேன். டிக்கெட் அறுநூற்று எண்பது ரூபாய். ஜன்னலோரம் கேட்டேன், கண்டக்டர் என்னை டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் பெட்டியை ஒட்டி உட்காரவைத்தார். பஞ்சிகாவத்தையில் முப்பது வருடமாக மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை நடத்துகிறவனுக்கு என்ஜின் சூடு புதிதா என்ன, பேசாமல் உட்கார்ந்துகொண்டேன். மடியில் ஒரு கனத்த பை. அதற்குள் இரண்டு செட் கிளச் பிளேட்டும், பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்புத் தகடு நான்கும் இருந்தன. நான்கும் இடது காலுக்கு.

இடது கால் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கதையே அதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாட்டின் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன நகரம். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவனைப் பக்கத்து வீட்டு டெரெக் கெடுத்துவிட்டார். அவர் வாரம் தவறாமல் ஸ்பீட்வே பார்க்கப் போகிறவர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற மாதிரி நானும் அவரோடு வியாழக்கிழமை தோறும் போகத் தொடங்கினேன். அந்த நாட்டின் முதல்தர லீக் சீசனை ஏப்ரலில் தொடங்கி விசா முடிகிற வரை விடாமல் பார்த்தேன். மழையில் நனைந்தேன், குளிரில் விறைத்தேன், மகளிடம் ஏச்சும் வாங்கினேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீள்வட்டமான மண் தடம். ஓர் ஓட்டத்தில் நான்கு பேர், அணிக்கு இருவர். நான்கு சுற்று, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டிக்கு பிரேக் கிடையாது, கியர் ஒன்றே ஒன்று. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இடது காலை மண்ணில் ஊன்றி, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பியபடி வழுக்கிக்கொண்டே போவார்கள். அந்தக் கால் தேயாமல் இருக்கத்தான் இரும்புத் தகடு. முதலில் வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு முட்டை. ஓர் அணி தன் ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையும் மோதும். வேலியோரம் நின்றால் நம் பிளேன்டீக்குள் மண் வந்து விழும். போலந்துக்காரன், டென்மார்க்காரன், ஆஸ்திரேலியாக்காரன் எல்லாரும் அங்கே ஓட்ட வருகிறார்கள். யார் வந்தாலும் எந்த ஊரானாலும் சுற்றுவது இடப்பக்கம்தான். உலகம் முழுக்க அதுதான் விதி.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் கொட்டகலையிலிருந்து யோகராஜ் என்று ஒருவர் கடைக்கு வந்தார். த்ரீவீலர் ஓட்டுகிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும், கை முழுக்க கிரீஸ். மாதிரிக்கென்று ஒரு பழைய பின் டயரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். டயரின் வலது விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. ஒருபக்கமாகத் தேய்ந்த டயரை நான் இங்கிலாந்தில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் இடது விளிம்பில். பிறகு அவர் வலது காலுக்கு இரும்புத் தகடு நான்கு வேண்டும் என்றார். நமக்குத்தான் வாய் சும்மா இராதே. "தம்பி, ஸ்பீட்வே ஓட்டுவதாக இருந்தால் அது இடது கால். யாரோ தப்பாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க கிரவுண்டுல வலதுதாங்க மொதலாளி. நீங்க ஒரு தடவ வந்து பாருங்க" என்றார். தகடு அடித்துத் தரும் லேத் பட்டறைக்காரரும் நானும் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். இந்த முறை அவரே இடது கால் தகடு கேட்டு போன் செய்தபோது, நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கித்துல்கலையில் பத்து நிமிடம் பஸ் நின்றது. ரொட்டியும் கட்டச்சம்பலும் தேநீரும் நூற்றெண்பது ரூபாய். கினிகத்தேனையைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது, பக்கத்தில் இருந்த அம்மா ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். நூற்று முப்பது கிலோமீற்றருக்கு நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஹட்டனில் இறங்கியபோது மணி பத்தேகால். யோகராஜ் த்ரீவீலரோடு நின்றார். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கொட்டகலை டவுனைத் தாண்டி, தேயிலைக்குள் ஏறும் பாதையில் மூன்று கிலோமீற்றர் போனால் பழைய ஸ்டோர் கிரவுண்ட். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அங்கே இருந்த ஸ்டோர் யோகராஜ் பிறப்பதற்கு முன்பே எரிந்துபோனதாம். தகரத்தையும் இரும்பையும் ஏலத்தில் எடுத்துப் போனபிறகு மிச்சம் இருப்பது சமப்படுத்திய நிலமும், நட்ட நடுவில் ஒரு கல்லும். இடுப்பளவு உயரம், மஞ்சள் பூசி, சூலம் ஒன்று நட்டிருந்தது. அது ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரின் பெரிய சக்கரத்துக்கும், அதில் கை கொடுத்து வேலை செய்கிறவர்களுக்கும் காவல் நிற்கிற சாமி. சக்கரம் போய்விட்டது, சாமி போகவில்லை.

"நடுவுல சாமி இருந்தா ஃபுட்பால் வெளையாட முடியுமா? கிரிக்கெட் வெளையாட முடியுமா?" என்று யோகராஜ் கேட்டார். "சுத்தி ஓடத்தான் முடியும். அதான் எங்க பயலுக ரேஸ் ஆரம்பிச்சானுக. யூடியூபுல பாத்து மத்ததெல்லாம் அப்புடியே பழகிட்டோம். எடப்பக்கமா சுத்துறது மட்டும் முடியாதுன்னுட்டோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோயிலை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? சாமி நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்பிரதட்சிணமாகச் சுற்றுவது சாவு வீட்டுக் காரியம். உலகத்து விதி ஒரு பக்கம், ரோதமுனி ஒரு பக்கம் என்றால் கொட்டகலையில் யார் ஜெயிப்பார் என்று கேட்கவே வேண்டாம். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கல்லைக் கும்பிட்டுவிட்டு நானும் வலமாகவே ஒரு சுற்று நடந்து தடத்தைப் பார்த்தேன். நல்ல செம்மண். வளைவுகளில் தேயிலைச் சாக்கில் புல் அடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். புறப்படும் இடத்தில், இங்கிலாந்தில் குறுக்கே கட்டுகிற நாடாவுக்குப் பதில் சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டால் பளாரென்று பறக்கிறது. டெரெக் பார்த்திருந்தால் தன் ஊருக்கும் ஒன்று கேட்டிருப்பார்.

லீக்கில் நான்கு அணிகள். பழைய ஸ்டோர், கொத்மலை, பட்டிப்பொல, உடப்புசல்லாவை. ஜனவரியில் தொடங்கி மழைக்கு முன் முடிக்கிறார்கள். இங்கிலாந்தில் மழையால் போட்டி நிற்கும், இங்கே மூடுபனியால் நிற்கிறது. மற்ற மூன்று ஊரிலும் இடப்பக்கம்தான் சுற்று. ஆகவே தன் கிரவுண்டில் ஸ்டோர் அணியை யாரும் வென்றதில்லை, வெளியே ஸ்டோர் அணி ஒரு போதும் வென்றதில்லை. வீட்டில் புலி, வெளியில் எலி. இதனால் மற்ற அணிகளுக்கு எரிச்சல். மூன்று கெப்டன்களும் நுவரெலியாவில் கூடிப் பேசி, ஒரு முடிவை யோகராஜிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த சீசனிலிருந்து எல்லாக் கிரவுண்டும் இடச்சுற்று. ஸ்டோர் அணி இந்த முறை கோப்பையை வென்று காட்டினால் மட்டும் அவர்களுடைய கிரவுண்ட் இருக்கிறபடி இருக்கலாம்.

"கல்ல நகத்த மாட்டோம். சாமிய எடமா சுத்தவும் மாட்டோம்" என்றார் யோகராஜ். "அப்ப நாளைக்குத் தோத்தா லீக்க விட்டு வெளிய வரணும், அவ்வளவுதான். ஏழு வருசமா இந்த டீம்ம வச்சிருக்கேன் மொதலாளி. கல்யாணத்துக்குச் சேத்த காசுல வண்டி வாங்கினவன் நான்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறுதிப் போட்டியின் முதல் பாதி போன வாரம் இதே கிரவுண்டில் நடந்தது. ஸ்டோர் அணிக்கு எட்டுப் புள்ளி கூடுதல். மறு பாதி நாளை, உடப்புசல்லாவையில். அங்கே எட்டுக்குக் குறைவாகத் தோற்றாலும் கூட்டுத் தொகையில் கோப்பை இவர்களுக்கு. இந்தத் தடவை சும்மாவும் போகவில்லை. கொத்மலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிய கரையில் ஒரு மாதமாக இடப்பக்கம் திரும்பிப் பழகியிருக்கிறார்கள்.

பின்னேரம் ரீட்டா வந்தாள். ஹட்டனில் மருந்துக் கடையில் வேலை, இருபத்து மூன்று வயது, அணியில் அவளைவிட வேகமானவர் இல்லை. நான் கொண்டுபோன தகட்டைப் பூட்ஸில் மாட்டித் தரையில் உதைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் பாரங்க. பரவால்ல" என்றாள். வேதக்கார வீட்டுப் பிள்ளை, கழுத்தில் சிலுவை தொங்குகிறது. "உனக்குமா இந்த முனி கட்டுப்பாடு?" என்று கேட்டேன். "அவரு கண்ணு முன்னாலதாங்க வளந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருன்னா மரியாத குடுக்க மாட்டோமா?" என்றாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு லொறி புறப்பட்டது. பின்னால் நான்கு வண்டி, நான்கு ஓட்டுநர், பெற்றோல் கேன், ஒரு பானை புளிச்சாதம். முன் சீட்டில் டிரைவர், நான், பூசாரி கிருபா. பூசாரி என்றதும் ஜடாமுடியை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் முப்பது வயதுக்காரர், டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர், காதில் இயர்போன். தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா வழியாகப் போய், கந்தப்பொலைக்கு மலையேறி, இராகலைப் பக்கமாகக் கீழே இறங்கினோம். கொட்டகலையிலிருந்து தொண்ணூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. லொறிக்கு மூன்றேகால் மணி நேரம் பிடித்தது. கந்தப்பொலையில் லீக்ஸ் மரக்கறித் தோட்டங்களுக்கு மேல் மூடுபனி நகராமல் நின்றது. இப்படியே இருந்தால் போட்டி நடக்காது, விதியும் மாறாது என்று டிரைவர் சந்தோஷமாகச் சொன்னார். இராகலை தாண்டியதும் வெயில் அடித்தது.

உடப்புசல்லாவை அணியின் கெப்டன் ருவன். மரக்கறி லொறி ஓட்டுகிற சிங்களவர், தமிழும் சரளமாகப் பேசுவார். எல்லாருக்கும் தேநீர் கொடுத்து, எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையும் போட்டார். தடம் இங்கே இன்னும் நன்றாக இருந்தது. அகலமான வளைவு, சுற்றி மரப்பலகை வேலி, நடுவில் வெறும் புல்தரை. நடுவில் கல் இல்லை, சூலம் இல்லை. இடமாகச் சுற்ற யாருக்கும் தடை இல்லை.

ஆனால் எங்கள் யோகராஜ் சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். வரும்போது முனியின் காலடி மண்ணை ஒரு பிடி அள்ளி வந்திருக்கிறார், வெளியூரில் பிள்ளைகளுக்குக் காவலாக இருக்கட்டும் என்று. நேரே புல்தரையின் நடுவுக்குப் போய், சின்னக் குச்சி ஒன்றை நட்டு, முடிச்சை அதில் கட்டி, சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மொத்தம் பத்து ஓட்டம். முதல் ஓட்டத்தில் டியூப் பறந்ததும் ரீட்டா முதலாவதாகப் பாய்ந்தாள். நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். முதல் வளைவில் திரும்பினாள். ஏனோ தலை ஒரு கணம் உள்பக்கம் போனது, அவ்வளவுதான், வண்டியின் சத்தம் செத்தது. இருவர் அவளைக் கடந்து போனார்கள். இரண்டாம் ஓட்டத்தில் யோகராஜும் இன்னொருவரும்; அவர்களும் வளைவுக்கு வளைவு வேகத்தை விட்டார்கள். மூன்றாவதும் அதே கதை. மூன்று ஓட்டத்தில் பத்துப் புள்ளி பின்னால். உள்ளூர்க் கூட்டத்தில் ஒருவர், "ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்" என்று உரக்கச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன்.

மூன்று ஓட்டத்துக்கு ஒரு முறை தடத்தை வாருவார்கள். சக்கரங்கள் மண்ணை வெளிப்பக்கமாக வீசிக்கொண்டே இருக்கும், அதை மண்வாரியால் இழுத்து உள்ளே பரப்ப வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு டிராக்டர் வரும், இங்கே ஆறு பேர் கையால் வாரினார்கள். அந்த இடைவெளியில் லொறிக்குப் பக்கத்தில் சண்டை தொடங்கியது.

ரீட்டா ஹெல்மட்டைக் கழற்றிப் புல்லில் போட்டாள். "கைதாண்ணே தன்னால விட்டுருச்சு. ஒவ்வொரு தடவையும் அந்த மஞ்சத் துணி எடது பக்கம் தெரியுது. வெறும் கிரவுண்டா இருந்துச்சு. நீங்கதானே கொண்டாந்து நடுவுல சாமிய வச்சீங்க! இப்ப சாமிய எடமா சுத்துறோம்!"

மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களுக்கும் அதேதான் நடந்திருக்கிறது. தேருக்குக் கட்டை போடப் போய்த் தன் காலிலேயே போட்டுக்கொண்டவர் போல யோகராஜ் நின்றார். பாவமாக இருந்தது. "இப்பவே எடுத்துறேன்" என்றார்.

"வச்ச சாமிய பாதியில எடுக்கவா?" என்றார் கிருபா. "அதெல்லாம் சரி வராது."

நான் என் பங்குக்கு, இங்கிலாந்து லீக்கில் பத்துப் புள்ளி பின்தங்கினால் சிறந்த ஓட்டுநரை மாற்றாளாக இறக்க ஒரு விதி இருந்தது என்று சொன்னேன். யாரும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரீட்டா வாருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிருபாவிடம், "எடுக்க வேணாம். அவிழ்த்து டிராக்குல தூவுங்க" என்றாள். "டிராக்குல கெடந்தா சக்கரம் என்ன செய்யும்? வெளிய வீசும். மண்ணு போயி வேலியோரம் கெடக்கும். நாங்க எடமா சுத்துறப்ப வேலி எந்தக் கைப் பக்கம்?"

நான் கையை நீட்டிச் சுற்றிப் பார்த்தேன். இடமாகச் சுற்றும்போது வேலி வலக்கைப் பக்கம். கிருபாவும் கையை நீட்டிப் பார்த்தார், யோகராஜும் பார்த்தார். பெற்றோல் கேன் பக்கத்தில் மூன்று ஆண்பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு சுற்றியதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ. கிருபா காதிலிருந்த இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டார். கும்பிட்டு, முடிச்சை அவிழ்த்து, மண்ணைத் தடம் நெடுக விதைபோலத் தூவிக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். ருவன் பார்த்தார், தடுக்கவில்லை.

நான்காம் ஓட்டத்தில் ரீட்டா முதலாவதாக வந்தாள். அதன்பிறகு ஆட்டமே வேறு. சாண் ஏறினால் சாண் சறுக்கியது, முன்போல முழம் சறுக்கவில்லை. ஆறாவது ஓட்டம் முடிந்ததும் மண்வாரிக்காரர்கள் மறுபடி இறங்கினார்கள். ரீட்டா பதறிக்கொண்டு ஓடினாள். வேலியோரம் கிடக்கும் மண்ணை இழுத்து உள்ளே போட்டால் சாமியும் உள்ளே வந்துவிடுவாரே!

"என்ன நங்கி பிரச்சினை?" என்று தங்கை முறை சொல்லிக் கேட்டுக்கொண்டே ருவன் வந்தார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தடத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், சிரிக்கவில்லை. "தெய்யோ, சாமி விசயமா? ஹரி, சரி, விடுங்க. நாங்களும் கும்புடுறதுதானே. வாராட்டி ரெண்டு டீமுக்கும் ஒண்ணுதானே" என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அந்த மனிதரை அங்கேயே பிடித்துப்போயிற்று.

ஆனால் வாராத தடம் இரண்டு அணிக்கும் ஒன்றல்ல. டெரெக் வாரா வாரம் சொல்லுவார், மண் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும் என்று. உள்பக்கம் மண் இல்லாமல் வழவழப்பாகிக்கொண்டு வந்தது. வேலியோரம் கணுக்கால் அளவு மண் சேர்ந்துவிட்டது. வாரிய தடத்திலேயே ஓட்டிப் பழகிய உள்ளூர்க்காரர்கள் குறுக்குவழி என்று உள்பக்கத்தை விடவில்லை. ரீட்டா மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

கடைசி ஓட்டத்துக்கு முன் ஸ்டோர் அணி சரியாக எட்டுப் புள்ளி பின்னால். கூட்டிப் பார்த்தால் சமம். சமம் என்றால் கோப்பை இல்லை. வென்று காட்டினால் மட்டுமே என்றுதான் பேச்சு. இந்த ஓட்டத்தில் ரீட்டா முதலாவதாக வந்தால் மட்டும் போதாது, கூட ஓட்டுகிற யோகராஜ் கடைசியாகவும் வரக்கூடாது. எதிரே ருவனும் அவருடைய தம்பியும்.

"அண்ணே, ஏன் உள்ளாலேயே ஓட்டுறீங்க? வெளிய வாங்க" என்று ரீட்டா கத்தினாள்.

யோகராஜ் தயங்கினார். "வெளிய சாமி மண்ணு கெடக்கு புள்ள. அதுமேல எப்புடி சக்கரத்த ஏத்துறது?"

மண் தூவிய பிறகும் இவர் கடைசியாகவே வந்ததற்குக் காரணம் இதுதானா! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கிருபாதான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "ரோதைக்குக் காவல் நிக்கிற சாமிண்ணே. காலமெல்லாம் சக்கரத்தோட கெடந்தவரு. சக்கரம் பட்டாவா கோவிச்சுக்குவாரு?"

யோகராஜ் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டார்.

டியூப் பறந்தது. ருவன் முதலில், தம்பி இரண்டாவது, ரீட்டா மூன்றாவது, யோகராஜ் கடைசி. இரண்டாம் சுற்றில் ரீட்டா வேலியை உரசிக்கொண்டு போய்த் தம்பியைத் தாண்டினாள். மூன்றாம் சுற்றில் ருவனையும் தாண்டினாள். எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தோஷப்பட நேரமில்லை. யோகராஜ் இன்னும் உள்பக்கமே ஒட்டிக்கொண்டு, தம்பியின் பின்னால் முட்டிக்கொண்டிருந்தார். நான் "வெளியே! வெளியே!" என்று கத்தினேன். லொறி டிரைவர் ஹோர்னை அமுக்கிப் பிடித்தார். மூன்று சுற்றும் போயிற்று. கடைசிச் சுற்றின் முதல் வளைவும் போயிற்று. அவ்வளவுதான் என்று நான் உட்காரப் போனேன்.

கடைசி வளைவில் யோகராஜ் முறுக்கிய கைப்பிடியைத் தளர்த்தாமல் நேரே வேலியை நோக்கி வண்டியை விட்டார். பிரேக் இல்லாத வண்டி. பலகையில் மோதப் போகிறார் என்று கண்ணை மூடினேன். திறந்தபோது அவருடைய பின்சக்கரம் அந்த மண் குவியலில் ஏறிப் பிடித்திருந்தது. வேலி முழுக்கச் செம்மண் மழை. உள்ளூர்ப் பெண்கள் குடையை விரித்தார்கள். வண்டி வெளிப்பக்கமாகச் சுழன்று வந்து, தம்பியின் சக்கரத்துக்கு அரைச் சக்கரம் முன்னால் கோட்டைக் கடந்தது. மூன்றாவது இடம், ஒரு புள்ளி. போதும்.

அவர் வண்டியை நிறுத்த முடியாமல் இன்னும் ஒரு சுற்று போனார். திரும்பி வந்து இறங்கி, ஹெல்மட்டைக் கழற்றாமலே அழுதார். ரீட்டா அவர் முதுகில் தட்டி, "அண்ணே, ஹெல்மட்டக் கழட்டிட்டு அழுவுங்க, மூச்சு முட்டும்" என்றாள்.

எல்லாம் சாமி என்றார்கள். எனக்கு அது மண்ணின் பிடி. ஆனால் அந்த மண்ணை வாராமல் விட்டது யாரால் என்று கேட்டால் நானும் கொஞ்சம் முழிக்கத்தான் வேண்டும்.

புறப்படும் முன் கிருபா வேலியோரம் ஒரு பிடி மண் அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தார். இதில் முனி மண் எது, உடப்புசல்லாவை மண் எது என்று இனிப் பிரிக்க முடியாது. ருவன் பக்கத்தில் வந்து, தம்பி முறை சொல்லி, "எல்லாம் கொண்டுபோக வேணாம் மல்லி. கொஞ்சம் இங்கேயும் இருக்கட்டும்" என்றார். கிருபா சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறினேன். இந்த முறை ஜன்னலோரம் கிடைத்தது. இங்கிலாந்தில் சீசனின் பாதிக்குமேல் பார்த்தும் ஒரு ஓட்டுநரின் பெயர்கூட எனக்கு நாக்கில் சரியாகப் புரண்டதில்லை. யார் வென்றாலும் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். இங்கே இரண்டே நாளில் தொண்டை கட்டிப்போய், கினிகத்தேனை வரை பக்கத்து சீட்டுக்காரரிடம் சைகையில் பேசிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு ஒரு போன் வந்தது. ருவன்.

"மொதலாளி, இரும்புத் தகடு நாலு வேணும்."

"இடது காலுக்குத்தானே?"

"இல்ல, வலது. அடுத்த சீசன் கொட்டகலைக்குப் போகணும்தானே. இப்பவே பழகாட்டி முடியாது."

அன்றைக்கே லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் அளவைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "வலது காலா? திரும்பவும் யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்களா?"

"தப்பில்லை" என்றேன். "நாலும் வலதுதான். நல்ல கனமாக அடியுங்கள்."